ரிச்சர்டு டெடெகிண்டு என்னும் கணிதப் பெரியார்

பெயரிடுதல் எளிய செயலென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பிறந்த குழவிக்கும், புதிதாய்க் கட்டிய இல்லத்திற்கும் பெயர் தேடுதல் ஒரு நாழிகையில் முடிந்துவிடுகின்றது. ஆயின், இதுகாறும் எவர் மனத்தினும் தெளிவுறத் தோன்றாத ஒரு கருத்தை முதன்முதற் கண்டு, அதன் எல்லையை வரையறுத்து, அதற்கு ஏற்றதொரு சொல்லையும் அமைத்துத் தருதல் அறிஞருள்ளும் மிகச் சிலர்க்கே கைவந்த தொழிலாம். கணித சாஸ்திரத்தின் ஒரு பகுதியாகிய இயற்கணித எண்ணியலில் இன்று உலகெங்கும் வழங்கும் சொற்களுட் பலவற்றை ஆக்கித் தந்தவர் ஜெர்மனி தேசத்தவராகிய ரிச்சர்டு டெடெகிண்டு என்பவர். அவருடைய சரித்திரத்தையும், அச்சொற்கள் பிறந்த வரலாற்றையும் நம் மாணவர்க்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம். கணிதத்தைக் கண்டு அஞ்சுவோரும் பின்தொடருமாறு, கூட்டலும் பெருக்கலும் அறிந்த அளவே போதுமான உதாரணங்களைக் கொண்டு செல்வோம்.

டெடெகிண்டு 1831 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6 ஆம் நாள் பிரவுன்ஷ்வைக் என்னும் நகரத்திற் பிறந்தார். கணித வேந்தரெனப் புகழ் பெற்ற கௌஸ் என்பவரும் 1777 ஆம் ஆண்டில் அந்நகரத்திலேயே தோன்றியவர். டெடெகிண்டின் தந்தையார் சட்டம் பயின்றவர். அந்நகரத்துக் கரோலினும் கலாசாலையிற் பணி புரிந்தவர். தாயார் அக்கலாசாலைப் பேராசிரியர் ஒருவருடைய புதல்வியார். மக்கள் நால்வருள் நம் டெடெகிண்டே கடைக்குட்டி. இளமையில் அவருடைய உள்ளம் பௌதிகத்திலும் இரசாயனத்திலுமே சென்றது. ஆயினும், பௌதிக நூலார் காரணகாரியங்களைத் தொடுக்கும் முறையில் நெகிழ்ச்சி உளதென்று அவருக்குத் தோன்றிற்று. ஒரு படியும் விடாது ஏறிச்செல்லும் நெறியை விரும்பிய அவர், கணிதத்தையே தமக்கு உரியதாகக் கொண்டார்.

1850 ஆம் ஆண்டில் அவர் கெட்டிங்கன் சர்வகலாசாலையை அடைந்தார். முதுமையெய்திய கௌஸ் அப்பொழுது அங்கே ஆசிரியராய் விளங்கினார். 1852 இல் டெடெகிண்டு டாக்டர் பட்டம் பெற்றார். கௌஸின் மேற்பார்வையில் அப்பட்டம் பெற்றவருள் இவரே இறுதியானவர். இரண்டாண்டுகள் கழித்து, சர்வகலாசாலையிற் கற்பிக்கும் உரிமை பெறும்பொருட்டு, 1854 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கௌஸின் முன்னிலையில் ஓர் உபந்நியாசம் நிகழ்த்தினார். கணிதத்திற் புதிய சார்புகள் எவ்வாறு புகுத்தப்படுகின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். இருபத்து மூன்று வயதும் நிரம்பாத அவ்விளைஞர், புதிய கருத்துக்கள் நூலினுள் நுழையும் வாயில் எது என்று அன்றே ஆராயத் தலைப்பட்டார் என்பது நாம் கருதத்தக்கது. அவருடைய பிற்கால உழைப்பு முழுவதும் அவ்வினாவிற்கு விடையாகவே அமைந்தது.

1855 இல் கௌஸ் காலமாக, அவர் இடத்திற்கு டிரிக்லே என்னும் பேரறிஞர் வந்தார். டெடெகிண்டு தாமும் ஓர் ஆசிரியராயிருந்தும், மாணவரோடு மாணவராய் அமர்ந்து டிரிக்லேயின் பாடங்களைக் கேட்டார். பாடம் முடிந்தபின் இருவரும் நெடுநேரம் உரையாடுவர். அவ்வுரையாடல்களால் தாம் புதியதொரு மனிதராயினதாக டெடெகிண்டு பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவர் வாழ்க்கையின் தலைசிறந்த பணியும் இந்நட்பிலிருந்தே கிளைத்தது.

இனி, அக்காலத்து எண்ணியலார் நெஞ்சைக் கலக்கிய ஒரு சிக்கலைக் கூறுவோம். எந்த முழுவெண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே விதத்திற் பிரிக்கலாம் என்பதை நாம் பள்ளியிலேயே கற்றுள்ளோம். 60 என்பது 2, 2, 3, 5 என்பவற்றின் பெருக்கம். வேறு எவ்விதத்திற் பிரித்தாலும் இறுதியில் இந்நான்குமே எஞ்சும். எண்ணியலாகிய மாளிகையின் அடித்தளக் கல் இதுவே. ஆயின், சாதாரண எண்களோடு −5 இன் வர்க்கமூலம் போன்றவற்றையும் சேர்த்து ஒரு விரிந்த எண்ணுலகை அமைத்தால், அக்கல் ஆடத் தொடங்குகின்றது. அவ்வுலகில் 6 என்பது 2 × 3 ஆகும். (1 + √−5) × (1 − √−5) ஆகவும் ஆகும். இந்நான்கு காரணிகளுள் ஒன்றையேனும் அவ்வுலகில் மேலும் பிரித்தல் இயலாது. ஆகவே, ஒரே எண் முற்றிலும் வேறான இரண்டு விதங்களிற் பிரிகின்றது. ஒரு மகனுக்கு இருவேறு தாய்தந்தையர் உளர் என்றாற் போன்றது இது!

இக்குறையை ஆழ்ந்து நோக்கி மருந்து தேடியவர் எர்ன்ஸ்டு கும்மர் என்பவர். அவர் பிரெஸ்லௌ நகரத்திற் பேராசிரியராயிருந்தபோது, 1844 இலேயே இக்குறையைச் சுட்டிக் காட்டினார். 1847 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பாரிசு நகரத்து விஞ்ஞானக் கழகத்தில் லமே என்னும் அறிஞர் எழுந்து, ஃபெர்மா விட்டுச்சென்ற புகழ்பெற்ற தேற்றத்தைத் தாம் நிறுவிவிட்டதாக அறிவித்தார். அவர் காட்டிய நிறுவல், பகா எண் பிரிப்பு விரிந்த எண்ணுலகங்களிலும் ஒரே விதமாகவே நிகழும் என்னும் நம்பிக்கையின்மேல் நின்றது. அந்நம்பிக்கை ஐயத்திற்குரியது என லியூவில் என்பார் அவையிலேயே தடுத்துரைத்தார். சில வாரங்களிற் கும்மரின் கடிதம் பாரிசை அடைந்தது, ஐயம் உண்மையாயிற்று. லமேயின் நிறுவல் விழுந்தது.

குறையைக் காட்டியதோடு கும்மர் அமையவில்லை. அதை நீக்கும் வழியையும் கண்டார். நம் உதாரணத்தைக் கொண்டே அவ்வழியை விளக்குவோம். அ, இ, உ என மூன்று மறைந்த காரணிகள் உள்ளன எனக் கற்பனை செய்க. 2 என்பது அ × அ. 3 என்பது இ × உ. 1 + √−5 என்பது அ × இ. 1 − √−5 என்பது அ × உ. இவ்வாறு கொண்டால், 6 ஐ எவ்விதத்திற் பிரித்தாலும் அ, அ, இ, உ என்னும் நான்குமே எஞ்சுகின்றன. குலைந்த ஒழுங்கு மீண்டும் நிலைபெறுகின்றது. ஆனால், அந்த அ என்பது யாது? அவ்வெண்ணுலகில் அப்படியோர் எண் இல்லை. உள்ளத்தால் மட்டும் கொள்ளப்படுவது ஆதலின், கும்மர் அதனை இலட்சிய எண் என்னும் பொருள்பட ஐடியல் எண் என்றார். இரசாயன நூலிலிருந்து ஓர் உவமையும் கூறினார். அக்காலத்தில் புளோரின் என்னும் தனிமத்தைத் தனியே பிரித்தெடுத்தவர் ஒருவருமில்லை. சேர்மங்களில் அது செய்யும் வினைகளைக் கொண்டே அஃது உண்டென்று யாவரும் நம்பினர். மறைந்திருக்கும் பகாக் காரணிகளும் அத்தகையனவே என்பது அவர் கருத்து. புளோரினை 1886 இல் மொய்சான் என்பவர் பிரித்தெடுத்துக் காட்டினார். கும்மரின் மறைந்த எண்ணைக் கண்முன் கொணர்ந்து நிறுத்துதற்கு மொய்சான் ஒருவர் வேண்டியிருந்தது. அவரே டெடெகிண்டு.

அவர் இத்தொழிலுக்கு ஆயத்தமான விதமும் அறியத்தக்கது. 1858 இல் அவர் சுவிட்சர்லாந்து தேசத்துச் சூரிச் நகரத்துப் பாலிடெக்னிக்கில் ஆசிரியரானார். முதல் வகுப்பு மாணவர்க்கு நுண்கணிதம் கற்பிக்கப் புகுந்தபோது, 2 இன் வர்க்கமூலம் போன்ற எண்கள் உண்மையில் யாவை என்பதற்குத் தெளிவான விடை எந்நூலிலும் இல்லாமை கண்டு வருந்தினார். அவ்வாண்டு நவம்பர் மாதம் 24 ஆம் நாள் விடை தோன்றிற்று. பின்ன எண்கள் அனைத்தையும் இரு கூட்டங்களாக வெட்டுக. வர்க்கம் 2 ஐ விஞ்சும் நேரெண்களெல்லாம் ஒரு கூட்டம், ஏனையவெல்லாம் மற்றொரு கூட்டம். அவ்வெட்டே 2 இன் வர்க்கமூலத்தைத் தீர்மானித்து விடுகின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி நம்பிக்கை கொள்ளச் சொல்லாமல், நாம் நன்கறிந்த எண்களின் ஒரு கூட்டத்தைக் கைகாட்டி, இதுவே அது எனச் சொல்லுதல் அவர் கண்ட நெறி. இதனை அவர் உடனே அச்சேற்றவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1872 இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார்.

இந்நெறியையே கும்மரின் மறைந்த எண்ணிடத்தும் அவர் செலுத்தினார். கும்மர், அ என்பதால் ஓர் எண் வகுபடுமா என அறியும் விதியை மட்டும் தந்தாரேயன்றி, அ என்பது யாதென வரையறுக்கவில்லை. டெடெகிண்டு கூறிய வழி வருமாறு: மறைந்த காரணியைத் தேடி அலைதல் வேண்டா, அதனால் வகுபடக்கூடிய எண்களையெல்லாம் ஒருங்கு திரட்டுக. அத்திரளையே காரணியாகக் கொள்க. நம் உதாரணத்தில், அ என்பதால் வகுபடும் எண்கள் யாவை எனின், சாதாரணப் பகுதியும் √−5 இன் பெருக்கும் எண்ணும் இரண்டும் ஒற்றையாகவோ இரண்டும் இரட்டையாகவோ அமைந்தவை. 1 + √−5 அத்திரளிற் சேரும், 2 உம் சேரும், 1 சேராது, √−5 உம் சேராது. இத்தகைய திரளுக்கு இரண்டு பண்புகள் உண்டு. திரளிலுள்ள இரண்டு எண்களைக் கூட்டினாலும் கழித்தாலும் வருவது திரளிலேயே இருக்கும். திரளிலுள்ள எண்ணை அவ்வுலகத்து எம்முழுவெண்ணாற் பெருக்கினாலும் வருவது திரளிலேயே இருக்கும். இவ்விரு பண்புகளும் உடைய திரள் எதுவாயினும் அதற்கு ஐடியல் என்று பெயரிட்டார். எண்கள் பலவிதமாய்ப் பிரியும் உலகிலும், ஐடியல்கள் பகா ஐடியல்களின் பெருக்கமாக ஒரே விதத்திற் பிரியும் என்பதை நிறுவினார். ஆடிய அடித்தளக் கல் மீண்டும் உறுதிபெற்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. டெடெகிண்டின் ஐடியல், இலட்சியப் பொருளன்று; மெய்யான எண்களின் மெய்யான திரள். கும்மர் இட்ட பெயரின் பொருள் அதற்குச் சிறிதும் பொருந்தாது. வேறொரு பெயரிட்டுப் புகழ் முழுவதையும் தமதாக்கிக் கொள்ள அவருக்கு இடமிருந்தது. அவர் அவ்வாறு செய்யாமல், முன்னோர் சொல்லையே உரிச்சொல் நிலையினின்று பெயர்ச்சொல்லாக்கி வைத்துக்கொண்டார். அதனால் இன்று அச்சொல்லை உச்சரிக்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, கும்மரை நினைவுகூர்பவராகின்றனர்.

அவர் ஆக்கிய மற்றொரு பெருஞ்சொல் கேர்ப்பர் என்பது. உடல் என்பது அதன் பொருள். கூட்டல், கழித்தல், பெருக்கல், பூச்சியம் ஒழிந்தவற்றால் வகுத்தல் ஆகிய நான்கையும் எவ்வளவு செய்தாலும் வெளியே செல்லாது தன்னுள்ளேயே நிறைவுறும் எண்தொகுதியை அவர் அவ்வாறு அழைத்தார். கெட்டிங்கனில் 1857, 1858 ஆம் ஆண்டுகளிற் கற்பித்தபோது, அதே கருத்துக்கு விகிதமுறு பிரதேசம் என்னும் பொருள்பட வேறொரு பெயர் வைத்திருந்தார்; அது கையாளுதற்கு வசதியற்றதெனப் பின்னர் விட்டுவிட்டார். உடல் என்று பெயரிட்டதன் காரணத்தையும் அவரே விளக்கியுள்ளார். இயற்கை நூலிலும், வடிவ கணிதத்திலும், மனித சமூக வாழ்விலும் அச்சொல் ஒரு முழுமையையும், தன்னளவில் நிறைந்து மூடிய அமைப்பையும் குறிக்கின்றது. அவ்வெண்தொகுதியும் உயிருள்ள உடல் போல் ஒருங்கியைந்து நிற்பது ஆதலின் அப்பெயர் பொருந்தும் என்பது அவர் கூற்று. வீட்டிலும் வீதியிலும் வழங்கும் எளிய சொல்லைக் கொண்டு அரிய கருத்தை விளங்கவைத்த திறம் இது.

வேறு சொற்களும் உள. கூட்டலிலும் கழித்தலிலும் நிறைவுறும் தொகுதிக்கு மோடுல் என்று பெயரிட்டார். அளவு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து கௌஸ் 1801 இல் எடுத்தாண்ட சொல்லின் வழித்தோன்றல் அது. வகுப்பு, வரிசை, இனம் எனத் தாவரங்களையும் விலங்குகளையும் பகுக்க இயற்கை நூலார் கையாண்ட சொற்களைக் கௌஸ் தம் நூலில் இருபடிக் கோவைகளைப் பகுக்க எடுத்துக்கொண்டார். அவற்றுள் வரிசை என்னும் சொல்லை டெடெகிண்டு எண்ணுலகிற்குக் கொணர்ந்தார். கௌஸ் பிறந்து நூறாண்டு நிறைந்த 1877 இல் பிரவுன்ஷ்வைக் நகரம் கொண்டாடிய விழா மலருக்கு அவர் எழுதிய கட்டுரை, அவ்வரிசைகளைப் பற்றியதே. மேலும், விரிந்த உலகில் முழுவெண் எனத்தக்கது எது என்பதையும் அவர் சரிவர வரையறுத்தார். 1 + √−3 என்பதில் பாதி, பார்வைக்குப் பின்னமாகத் தோன்றும். ஆனால் அதன் மூன்றாம் படி −1 ஆகின்றது. அதனை முழுவெண்ணென ஏற்காவிடின், ஐடியல்களின் ஒழுங்கும் கெட்டுவிடும்.

இத்தகைய பெரும் படைப்பை அவர் எங்கே வெளியிட்டார் எனின், அஃது அவருடைய பண்பை நன்கு விளக்கும். டிரிக்லே 1859 இல் இறந்தபின், அவருடைய எண்ணியற் பாடங்களை டெடெகிண்டு தொகுத்து, 1863 இல் டிரிக்லேயின் பெயராலேயே நூலாக்கினார். அந்நூலின் இரண்டாம் பதிப்பு 1871 இல் வந்தபோது, அதன் பின்னிணைப்புக்களுள் ஒன்றாகவே ஐடியலும் கேர்ப்பரும் உலகிற்கு அறிமுகமாயின. ஆசிரியர் நூலின் வால்போல் மாணவரின் தலைசிறந்த ஆக்கம் நின்றது. அதனைப் படித்தோர் சிலரே. 1876 இல் லிப்ஷிட்சு என்னும் கணிதர் ஊக்கியதனால், பிரெஞ்சு மொழியில் விரிவான விளக்கம் ஒன்று எழுதினார். 1879 இலும் 1894 இலும் வந்த பதிப்புக்களில் அப்பின்னிணைப்பை மீண்டும் மீண்டும் திருத்தி எழுதினார். எதிர்ப்பும் இருந்தது. முடிவற்ற எண்ணிக்கையுள்ள ஒரு திரளை ஒரே பொருளாகக் கொள்ளுதல் தகாது எனக் கருதிய குரோனெக்கர், 1882 இல் வகுத்திகள் என்னும் பெயரோடு வேறொரு நெறி வகுத்தார். டெடெகிண்டு அவரோடு வாதிட்டுக் கூச்சலிடவில்லை. தம் நெறியை மேலும் தெளிவாக்குதலையே விடையாகக் கொண்டார்.

1862 இல் அவர் சூரிச்சை விட்டுத் தாம் பிறந்த பிரவுன்ஷ்வைக் நகரத்திற்கே திரும்பி, பழைய கரோலினும் கலாசாலை வளர்ந்தமைந்த பாலிடெக்னிக்கிற் பேராசிரியரானார். 1894 இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணி புரிந்தார். பெரிய சர்வகலாசாலைகள் அவரை விரும்பின. அவர் ஊரை விட்டு அகலவில்லை. மணம் செய்துகொள்ளாத அவர், நாவலாசிரியையாகிய தம் தமக்கையார் ஜூலியாவுடன் வாழ்ந்தார். பியானோவும் செல்லோவும் வாசிப்பதில் வல்லவர். நண்பராகிய ரீமான் இளமையில் இறந்தபோது, வேபருடன் கூடி அவருடைய நூல்களைத் தொகுத்து 1876 இல் வெளியிட்டார். கணக் கொள்கையை நிறுவிய கான்டருக்கு, ஏனையோர் புறக்கணித்த காலத்துக் கடிதங்களாலும் உரையாடல்களாலும் துணை நின்றார்.

அவரைப் பற்றி ஒரு வேடிக்கை வழங்குகின்றது. கணிதர்க்கென அச்சிட்ட நாட்காட்டி ஒன்று, டெடெகிண்டு 1899 ஆம் ஆண்டு செப்டம்பர் 4 ஆம் நாள் இறந்தார் எனக் குறித்துவிட்டது. அவர் அதனைப் படித்துவிட்டு, நாள் ஒருவேளை சரியாகலாம், ஆண்டு நிச்சயமாய்த் தவறு. அன்று தாம் நண்பர் கான்டருடன் உணவருந்தி இனிது உரையாடிக்கொண்டிருந்ததாக நினைவு என்று பதிப்பாசிரியர்க்கு எழுதினாராம். மெய்யாக அவர் மறைந்தது 1916 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12 ஆம் நாள். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்து நான்கு.

அவர் விதைத்தவை அவருக்குப்பின் தழைத்தன. ஹில்பர்ட் 1897 இல் எழுதிய பேரறிக்கையில் டெடெகிண்டின் சொற்களை ஏற்று, அவர் வரிசை என்றதற்கு வளையம் என்னும் புதுப்பெயரும் தந்தார். 1921 இல் எம்மி நேத்தர் அம்மையார் வளையங்களில் ஐடியற் கொள்கையைப் பொதுமைப்படுத்திப் புதிய இயற்கணிதத்திற்கு வழிகாட்டினார். டெடெகிண்டின் நூல்களைப் பதிப்பித்தோருள் ஒருவராகிய அவ்வம்மையார், தாம் புதிதாய்ச் சொல்வனவெல்லாம் முன்பே டெடெகிண்டினிடத்து உள்ளன என மாணவரிடம் அடிக்கடி கூறுவாராம். கேர்ப்பர் என்னும் சொல் பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் உடல் என்னும் பொருளோடே சென்றது. ஆங்கிலத்திலோ, அமெரிக்கராகிய மூர் 1893 இல் வயல் என்னும் பொருளுள்ள சொல்லை வழங்கினார். தமிழில் நாம் களம் என்பது இவ்வாங்கிலச் சொல்லின் வழியது. ஆயினும், ஆங்கிலம் பேசுவோரும் தம் நூல்களில் அத்தொகுதிகளைக் கே என்னும் எழுத்தாற் குறிப்பது பெருவழக்கு. சொல் மாறிய இடத்தும் கேர்ப்பரின் முதலெழுத்து மாறாது நிற்கின்றது.

கலைச்சொல் ஆக்குதலைப் பற்றி நம் நாட்டிற் பேச்சு மிகுதி. வடசொல்லா தென்சொல்லா, நெடிதா குறிதா என வாதம் நிகழ்வதுண்டு. டெடெகிண்டின் வாழ்க்கை அதற்கு முற்பட்ட மூன்று கடமைகளை நினைவூட்டுகின்றது. முதலாவது, பொருளை ஐயமறத் தெளிதல்; அவர் ஐடியலை வரையறுக்கும்வரை அச்சொல் வெறும் நம்பிக்கையாகவே இருந்தது. இரண்டாவது, எளிய மக்கள் நாவில் வழங்கும் சொல்லை நாடுதல். வசதியற்ற பெயரைத் தாமே விட்டு உடல் என்னும் பெயரை அவர் ஏற்றார். மூன்றாவது, முன்னோர்க்குரிய கடனை மறவாமை. இம்மூன்றும் உடைய சொல் எம்மொழியிற் பிறப்பினும் நிலைபெறும். கணிதம் பயிலும் நம் மாணவர், ஐடியல் என்றும் களம் என்றும் பாடப்புத்தகத்திற் படிக்கும்பொழுது, அவை தேர்வுக்காக நெட்டுருச் செய்யும் ஒலிகள் அல்ல என்பதையும், ஆசிரியர் நூலின் பின்னிணைப்பிலே தம் பேராக்கத்தை அடக்கமாய் வைத்த ஒருவரின் நெடுநாள் உழைப்பு அவை என்பதையும் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.